பங்குனியில் ஓடிய ஆறு

உங்கள் பிரிவில் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களுக்காக என் அனுபவம் எதையாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இரண்டு மூன்று வேலைகள் நானும் செய்திருக்கிறேன். அவையெல்லாம் கோப்பில் இருக்கின்றன, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் பாதிதான் இருக்கிற ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். இதற்காக வீட்டில் நான் வாங்காத பேச்சு இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு தடவை, பயப்படவே தேவையில்லாத இடத்தில் மூன்று மாதம் பயந்து செத்துவிட்டு, பயப்படவேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் எங்கள் ஆய்வகம் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றின் பின்கட்டில் இருந்தது. நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, பணி நிரந்தர உத்தரவும் வரவில்லை. நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அதில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நான். என்னோடு சந்தானம் என்று ஒருவர், என் வயதுதான். வரைபடத் தாளில் அவர் இழுக்கும் கோடு அச்சடித்தது மாதிரி இருக்கும். வீம்பும் அதே அளவுக்கு உண்டு. எங்கள் இருவருக்கும் மேலே ஒரு பொறியாளர். சிடுசிடுப்பு இல்லாதவர், ஆனால் அனுப்பிய கோப்பு திரும்பி வருவது அவருக்குப் பிடிக்காது.

அந்த வருடம் ஓர் ஆலை, தன் கழிவுநீரைத் திருமலைராஜன் ஆற்றில் விட அனுமதி கேட்டது. எந்த ஆலை, என்ன செய்தது என்பதெல்லாம் வேண்டாம். புளித்த கஞ்சி வாடை அடிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். விஷம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் அந்த மாதிரித் தண்ணீர் ஆற்றில் கலந்து மக்கும்போது, ஆற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஓடுகிற ஆறு காற்றிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தின்பது வேகமா, எடுப்பது வேகமா என்று பார்ப்பதுதான் எங்கள் கணக்கு. கீழே மீனவர் ஊரான பட்டினச்சேரிப் பக்கம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வரும்போது லிட்டருக்கு நான்கு மில்லிகிராமாவது மிஞ்சினால் மீனும் இறாலும் பிழைக்கும். அதற்குக் கீழே போனால் கஷ்டம், ஒரு மில்லிகிராம் அளவுக்கு இறங்கினால் செத்து மிதக்கும்.

கழிவு எவ்வளவு வேகத்தில் மக்குகிறது என்று ஓர் எண் வேண்டும். மூன்று மாதமும் எங்கள் உயிரை வாங்கியது இந்த எண்தான். மாதிரி பாட்டில்களை ஐந்து நாள் ஒரே வெப்பத்தில் வைத்திருக்கவேண்டும். காரைக்காலில் அப்போது கரண்டு போவதற்கு நேரம் காலம் கிடையாது. கரண்டு போனால் சாக்கை நனைத்துப் பாட்டில் பெட்டியின் மேல் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சாக்கில் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு தொகுதி பாட்டில் கெட்டுப்போனதற்கு அழுதிருக்கிறேன். இரண்டாம் தசம இடத்தில் மூன்றா நான்கா என்று சந்தானமும் நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

ஆற்றின் ஓட்டம் எவ்வளவு என்ற எண்ணுக்கு நாங்கள் செலவழித்தது ஒரு மத்தியானம். முகத்துவாரத்துக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அதன் தூணில் அளவுக்கோடு அடித்திருப்பார்கள். காளிமுத்து என்ற ஊழியர் தினமும் காலையில் ஆழத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார். இவ்வளவு ஆழம் இருந்தால் இவ்வளவு ஓட்டம் என்று ஓர் அட்டவணை உண்டு. அதைப் பார்த்து ஓட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடுவார். ஆறு வருடத்து ரிஜிஸ்டரை வரவழைத்தோம். ஆழம் மிகக் குறைவாக இருந்தது மாசியில். அதற்கு நேராக இருந்த ஓட்டத்தை, இதைவிட மோசமாக இருக்க முடியாது என்று எடுத்துக்கொண்டோம். பங்குனி, சித்திரையில் ஆழம் மறுபடி ஏறியிருந்தது. கோடை மழையாக இருக்கும் என்றார் சந்தானம். இருக்கும் என்றேன் நான்.

தையில் மேட்டூரை மூடினால் பங்குனியில் எங்கள் வாய்க்காலில் பிள்ளைகள் கோலி விளையாடும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைமடை ஆற்றில் பங்குனியில் ஓட்டம் கூடுகிறது என்று கோடு போட்ட தாளில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு தடவை கணக்குப் போட அரை நாள் ஆகும். அதனால் ஒரே தடவைதான் போட்டோம். விடை நான்கரை வந்தது. சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கோப்பு புதுச்சேரி போய், கேள்வி எதுவும் இல்லாமல் அனுமதியோடு திரும்பி வந்தது. பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆலையின் மதகைத் திறப்பது என்று முடிவானது.

அதற்கு முந்தைய வாரம், புரோகிராம் போடுகிற கால்குலேட்டர் ஒன்று எங்களுக்கு இரவலாக வந்தது. உள்ளங்கை அளவுதான். அரை நாள் கணக்கை அது நான்கு நிமிடத்தில் முடித்தது. சந்தானத்துக்கு அது விளையாட்டுச் சாமான். எனக்கு அது பூட்டை இழுத்துப் பார்க்க இன்னொரு வாய்ப்பு. வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக எடுத்து, மற்றதை அப்படியே வைத்துவிட்டு அதை மட்டும் கொஞ்சம் மாற்றி, விடை எங்கே போகிறது என்று பார்த்தேன். இன்று நீங்கள் இதற்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. நடுக்கம் தாங்காமல் செய்தேன்.

மக்கும் வேகத்தைக் கால் பங்கு கூட்டினேன். நான்கரை, நான்கேகால் ஆயிற்று. இதற்கா நாங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்? வெப்பத்தை ஏற்றினேன், சற்றே அசைந்தது. பிறகு ஓட்டத்தைப் பாதியாக்கினேன். இரண்டு. இன்னும் பாதியாக்கினேன். ஒன்றுக்கும் கீழே. தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன், மறுபடியும் அதுவே வந்தது.

"சந்தானம், இந்த ஓட்டம் சரிதானான்னு நாம எப்பப் பாத்தோம்?" என்றேன்.

"ரிஜிஸ்டர்ல இருக்குல்ல."

"ரிஜிஸ்டர் சரிதானான்னு?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். எனக்கு அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஆற்றோரம் இருக்கிற பட்டினம் என்ற ஊரில் போய் இறங்கி, பாலத்துக்கு நடந்தேன். காளிமுத்து அப்போதுதான் அளவு பார்த்துவிட்டு ரிஜிஸ்டரை மடித்துக்கொண்டிருந்தார். பையோடு ஒரு பெண் வந்தால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் டீச்சர்தான்.

"என்னா டீச்சரம்மா, இந்த வெயில்ல?"

"இன்னைக்கு எவ்வளவுண்ணே காட்டுது?"

"ஒண்ணரை மீட்டருங்க. போன மாசத்துக்கு இப்ப ஒசந்திருக்கு."

"எங்கேருந்து வருது இவ்வளவு தண்ணி?"

அவர் சிரித்தார். "எங்கேருந்தும் வரலீங்க. மொகத்துவாரம் அடைச்சிக்கிட்டு பத்து நாளாவுது. மணல் மேடு போட்டுடுச்சு. கடல் ஏறுறப்ப மேல வழிஞ்சி கொஞ்சம் உள்ள வருது. வந்தது வெளிய போவ வழியில்ல. நிக்கிது."

"அப்ப ரிஜிஸ்டர்ல ஓடுதுன்னு எழுதியிருக்கே?"

"நான் எங்கங்க ஓடுதுன்னு எழுதுனேன்? ஆழம் எழுதுறேன். அதுக்கு நேரா அட்டவணையில என்னா இருக்கோ அத பக்கத்துக் கட்டத்துல எழுதச் சொல்லியிருக்காங்க, அதயும் எழுதுறேன். ஓடுதான்னு எந்தக் கட்டத்துலயும் கேக்கலையே."

பாலத்தடியில் ஒரு தென்னங்குரும்பை கிடந்தது. எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடுகிற ஆறாக இருந்தால் சில நிமிடத்தில் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போயிருக்கவேண்டும். குரும்பை போட்ட இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கால் மணி கழித்துக் கடல்காற்று எழுந்தது, அதற்குத் தகுந்தாற்போல் மெல்ல மேற்கே, ஆலை இருக்கிற பக்கமாக நகர்ந்தது. என் கணக்கில் ஆறு நல்ல வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது.

கீழே கழுத்தளவு தண்ணீரில் ஏழெட்டுப் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றில் ஆளுக்கொரு அலுமினியப் பானை மிதந்தது. கரைக்கு வந்த ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தேன். அஞ்சலை என்று பெயர், பட்டினச்சேரிக்காரர்.

"ஆத்து வாய் அடைச்சிட்டா உங்களுக்குக் கஷ்டம் இல்லையா?"

"கஷ்டமா? இப்பதான் டீச்சரம்மா எங்களுக்குக் கெடைக்கும். எறா எங்க ஓடும், வழிதான் இல்லையே. கடலு ஆம்பளைங்களுது, இது எங்குளுது. இந்த ரெண்டு மாசம் புடிக்கிறதுதான் வருசம் பூரா." பானையைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. "ஆத்துக்கு என்னமோ பண்ணப் போறாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய். என் பெயர் போட்டு, என் கையெழுத்தோடு, அந்தப் பானைக்குள் புளித்த தண்ணீரை ஊற்ற நான்தான் சரி சொல்லியிருந்தேன். இறாலுக்கு ஓட வழி இல்லை என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது பஸ்ஸில் வழி முழுக்க என் காதில் நின்றது.

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். பொறியாளர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போனேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"சார், திங்கக்கிழமை மதகத் தெறக்கக் கூடாதுங்க. என் கணக்கு தப்பு."

"எவ்வளவு தப்பு? நாலரைக்கு நாலா?"

"தெரியலைங்க சார். நாலரையும் இருக்கலாம், ஒண்ணும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். ஆறு நிக்கிறப்ப இந்தக் கணக்கே செல்லாதுங்க."

"தெரியலைன்னு எழுதி ஒரு ஆலைய எப்படிம்மா நிறுத்துறது? போன மாசம் தெரியும்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தாங்க."

"உனக்கு இன்னும் நிரந்தரம் ஆகல."

"இல்லீங்க சார்."

அவர் மிரட்டினாரா, எனக்காக வருத்தப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை போட்ட தாளை அவர் முன்னால் வைத்தேன். எந்த எண்ணை அசைத்தால் விடை எவ்வளவு அசைகிறது என்று வரிசையாக எழுதியிருந்தேன். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஓட்டத்தின் வரியில் நின்றுவிட்டார்.

"இந்த ஓட்டம் எங்கேருந்து எடுத்தது?"

"பாலத்து ரிஜிஸ்டர்லேருந்துங்க. ஆழத்துக்கு அட்டவணை இருக்கே, அது வச்சு."

தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த அட்டவணைய நான்தான் போட்டேன்" என்றார். "சர்வீஸ்ல சேந்த புதுசு. ஐப்பசியில நாலு நாள் நனைஞ்சிக்கிட்டே நின்னு அளந்தது. அப்ப ஆறு என்னா ஓட்டம் ஓடுச்சு தெரியுமா? அத யாரு பங்குனிக்கு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னா?"

"போகக் கூடாதுன்னு அதுல எழுதலைங்க சார்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் "எழுதல" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

விடை எழுதும் படிவத்தில் சின்னதாக ஒரு கட்டம், ஓர் எண் போட மட்டும் இடம். நான் நுணுக்கி எழுதினேன்: ஒன்று முதல் நான்கரை வரை, முகத்துவாரம் மூடியிருக்கும் காலத்துக்குச் சொல்ல இயலாது. எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். வேறு படிவம் எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அதன் கீழேயே, முகத்துவாரம் திறக்கும்வரை நிறுத்திவைக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்தானம் அந்தக் கடிதத்தைச் சைக்கிளில் எடுத்துப் போய் ஆலையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வந்தார்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆலையின் தொட்டி நிறைந்துவிட்டது. விட வழியில்லாமல் வேலையை நிறுத்தினார்கள். கூலி ஆட்கள் வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெரு. தினமும் என்னைப் பார்த்து "என்னாம்மா, ஆபீசா?" என்று கேட்கிறவர், பார்க்காத மாதிரிப் போக ஆரம்பித்தார். ஆலை மேலாளர் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் என் மேஜைப் பக்கம் நின்று, "இறால் சௌக்கியமா மேடம்?" என்பார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நான்கரைதான் இருந்திருக்குமோ? பூட்டின கதவை இழுத்துப் பார்க்கிற புத்தியால் இத்தனை பேர் அடுப்பில் கை வைத்துவிட்டேனோ? முடிந்தபோதெல்லாம் விடியற்காலை பஸ்ஸில் போய்ப் பாலத்தடியில் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் மூன்று காட்டும், இன்னொரு நாள் ஐந்து காட்டும். கழிவும் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த பாட்டிலும் சொல்லவில்லை.

அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இதுதான். எச்சரித்தது சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததை எடுத்துக் காட்டி, பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கலக்கத்தோடு தூங்கப் பழகிக்கொள்ளவேண்டும். நான் முழுக்கப் பழகவில்லை.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஒரு தம்பி ஆறு தசம இடத்தோடு விடையை அச்சடித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். ஓட்டம் எங்கே எடுத்தீங்க என்று கேட்டேன். ஃபைலில் இருந்தது என்றார். வாங்க, பாலம் வரைக்கும் போய்ட்டு வருவோம் என்று கூட்டிப்போனேன். மேடத்துக்கு வேறு வேலை இல்லை என்று அவர் பிறகு சொன்னதாகக் கேள்வி. சொல்லட்டும். இப்போது உங்கள் மெஷின் ஒரு மத்தியானத்தில் ஆயிரம் தடவை கணக்குப் போடும், விடை எதிலிருந்து எது வரை போகலாம் என்ற வீச்சும் அதுவே போட்டுக் கொடுக்கும். ஆனால் ஓர் எண் எவ்வளவு ஆட்டம் ஆடும் என்று அதற்குச் சொல்லப்போவது நீங்கள்தான். எனக்கு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தவறு இருக்கலாம் என்று தோன்றியிருந்தால், நானும் அழகாக ஒரு வீச்சுப் போட்டு, நான்குக்குக் கீழே போகாது என்று எழுதியிருப்பேன். ஒவ்வோர் எண்ணையும் அசைத்துப் பாருங்கள். எது விடையைப் போட்டு உலுக்குகிறதோ, அது எந்த மாதத்தில், எந்த இடத்தில், யார் கையால் வந்தது என்று தேடிப் போங்கள். கஷ்டப்பட்டு எடுத்த எண்ணை நாம் சந்தேகப்படுவோம். சும்மா கிடைத்த எண்ணை நம்பிவிடுவோம்.

மதகை நிறுத்திவைத்த அந்த வருடம் ஆனி கடைசியில் புதுத் தண்ணீர் வந்தது. மணல் மேடு ஒரே நாளில் உடைந்து, ஆறு கடலுக்கு ஓடியது. ஆலை மறுபடி ஓடியது, மதகையும் திறந்தார்கள். எங்கள் தெருக்காரர் வேலைக்குப் போனார். என் நிரந்தர உத்தரவு மட்டும் இன்னும் எட்டு மாதம் கழித்து வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆடியில் ஒரு காலை பாலத்துக்குப் போயிருந்தேன். அஞ்சலை தலையில் பானையோடு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னா டீச்சரம்மா, ஆளையே காணும்? ஆத்துக்கு என்னமோ பண்ணப் போறாங்கன்னு சொன்னாங்களே, என்னாச்சு?"

கணக்கு, ரிஜிஸ்டர், பொறியாளர், வேலையில்லாமல் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வரிசையாக வாய் வரை வந்தது.

"ஒண்ணும் ஆகலைங்க" என்றேன்.

"ஒண்ணும் ஆவலன்னா சரி" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் விற்கவேண்டும் என்று அவர் பட்டினத்துப் பக்கம் வேகமாக நடந்தார்.